சாட்சி வண்டி

சரிவில் உருண்டோடும் பொம்மைக் காருக்கு எஞ்சின் கிடையாது, ஓட்டுநர் கிடையாது. கேட் திறந்த பிறகு யாராலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. அதனாலேயே அதில் நியாயம் பார்ப்பது பெரிய கார்ப் பந்தயத்தைவிடக் கடினம் என்பேன். பெரிய பந்தயத்தில் தோற்றவர் வளைவைச் சொல்லலாம், டயரைச் சொல்லலாம், மழையைச் சொல்லலாம். எங்கள் பந்தயத்தில் தோற்ற பையனுக்குச் சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது. கார் மேலிருந்து கீழே வந்தது, பக்கத்துக் கார் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். காரணம் தெரியாவிட்டால் முதலில் பாதையைச் சந்தேகிப்பான், அடுத்து ஜெயித்தவனை, கடைசியில் நடத்துகிறவரை. இந்த மூன்று சந்தேகங்களுக்கும் அவனுக்கு உரிமை உண்டு. அவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைத்துத்தான் மறைமலை நகரில் எங்கள் தெருப் பிள்ளைகளின் லீக்கை இத்தனை காலம் நடத்தி வந்தேன்.

மறைமலை நகர் கார் ஊர். தாம்பரத்துக்குத் தெற்கே கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் தாண்டினால் வரும் எங்கள் ஸ்டேஷனில் ஷிப்டு மாறும் நேரத்தில் இறங்கிப் பாருங்கள்; சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை இல்லாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். ஃபோர்டு தொண்ணூறுகளின் நடுவில் இங்கே வந்தது. 1999-ல் அதன் ஐகான் கார் இந்த ஊரிலிருந்துதான் புறப்பட்டது. 2007-ல் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பி.எம்.டபிள்யூ. வந்தது. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி ஸ்பிரிங் செய்பவர்கள், ரப்பர் வார்ப்பவர்கள், பிரஸ் ஓட்டுபவர்கள் என்று சிட்கோ எஸ்டேட் முழுக்கச் சின்னப் பட்டறைகள். நான் அப்படி ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்ப்பவன். ஒரு பொருளை அளப்பதற்கு முன் அளக்கிற கருவியை அளக்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். பிள்ளைகளிடம் நான் கொண்டுபோனது அந்த ஒரு பாடத்தைத்தான்.

2020 ஊரடங்கில் நெதர்லாந்தின் யெல்லே பாக்கர் கோலிக்குண்டுகளை அணி பிரித்து ஓடவிட்ட பந்தய வீடியோக்களை உலகெங்கும் ஜனங்கள் வீட்டில் அடைந்து கிடந்தபடி பார்த்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளும் பார்த்தார்கள். “கோலியே ஓடுதுன்னா, நம்மகிட்ட காரே இருக்கே அங்கிள்” என்றாள் எதிர் வீட்டுச் சிறுமி. ஹாட் வீல்ஸ் கார் இல்லாத வீடு தெருவில் இல்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் ஆளுக்கு நாலு துண்டு ஆரஞ்சுப் பாதையைக் கொண்டுவந்து எங்கள் மொட்டை மாடியில் இணைத்தோம். தண்ணீர்த் தொட்டித் திண்டிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் இறக்கம், பிறகு சமதளம், மொத்தம் ஆறு மீட்டர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதை. ஒரு கார் இறங்கி முடிக்க இரண்டேகால் நொடி ஆகும்.

முதல் சில வாரங்களிலேயே, “லெப்ட்ல ஓடுனா தோத்துருவோம்” என்று பிள்ளைகளிடையே ஒரு பேச்சு பரவிவிட்டது. டாஸில் வலது கிடைத்தவன் துள்ளிக் குதித்தான். இதை மூடநம்பிக்கை என்று சிரித்து ஒதுக்கிய ஒரு அப்பாவோடு நான் உடன்படவில்லை. விரலை வைத்துத் தடவிப் பார்த்தோம். இடது பாதையின் மூன்றாவது இணைப்பில் ஒரு உதடு தூக்கியிருந்தது, நகத்தில் தட்டும் அளவுக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அப்புறமும் துளி வித்தியாசம் மிச்சமிருந்தது. பிளாஸ்டிக் பாதையில் அதை முழுக்கத் தீர்க்க முடியாது. தீர்க்க முடியாத குறையைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் வழி. ஒவ்வொரு ஜோடியும் இரண்டு தடவை ஓட வேண்டும், இரண்டாவது தடவை பாதை மாற்றிக்கொள்ள வேண்டும், இரண்டு நேரத்தையும் கூட்டித்தான் முடிவு என்று எழுதினோம். ஜப்பானில் டாமியா கம்பெனியின் மினி ஃபோர் டபிள்யூ.டி. பேட்டரிக் கார்களுக்கு 1988-ல் ஜப்பான் கப் தொடங்கியது. அந்தக் கார்களுக்கான மூன்று பாதைத் தடத்தில் ஒரு மேம்பாலம் வைத்து, ஒவ்வொரு காரும் ஒவ்வொரு சுற்றுக்கும் பாதை மாறும்படி செய்திருப்பார்கள். மூன்று சுற்று முடிந்தால் எல்லாக் கார்களும் எல்லாப் பாதையிலும் ஓடியிருக்கும். அதே கணக்குதான்.

கேட் விஷயம் இதைவிட நுட்பமானது. ஆரம்பத்தில் ஒரு முப்பது சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலை இரண்டு காருக்கும் முன்னால் பிடித்து மேலே தூக்கினோம். கை துளி சாய்ந்தாலும் ஒரு கார் முதலில் விடுபடும். அதோடு, மூக்கு தாழ்ந்த கார் தூக்கும்போதே நழுவிவிடும். மூக்கு உயர்ந்த கார் காத்திருக்கும். ஆகவே ஸ்கேலைக் கீலில் பொருத்தி, ரப்பர் பேண்டு இழுப்பில் முன்பக்கமாகச் சட்டென்று கீழே விழும்படி மாற்றினோம். கார் நகர ஆரம்பிப்பதற்குள் கேட் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகளுக்கு 1973-ல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நடந்ததைச் சொன்னேன். அங்கே சிறுவர்கள் தாங்களே செய்த எஞ்சினில்லாத வண்டியில் உட்கார்ந்து சரிவில் இறங்கும் சோப் பாக்ஸ் டெர்பி பல காலமாக நடக்கிறது. அந்த ஆண்டு ஜெயித்த பதினாலு வயதுப் பையனின் வண்டி மூக்குக்குள் ஒரு மின்காந்தம் ஒளிந்திருந்தது. ஹெல்மெட்டைப் பின்னால் சாய்த்தால் சுவிட்ச் அழுந்தும். இரும்புக் கேட் முன்பக்கமாக விழும்போது காந்தம் அதைப் பற்றிக்கொள்ள, வண்டிக்கு ஒரு இழுப்பு கிடைக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள், பட்டம் பறிபோனது. வண்டி செய்யத் துணைநின்றவர் அவன் மாமா.

கதையைக் கேட்டு எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் எங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நம்ம ஸ்கேலும் இரும்புதானே அங்கிள்?” என்றாள். பிரிட்ஜில் ஒட்டும் காந்தப் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தோம். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அன்று மாலையே மர ஸ்கேல் வாங்கி மாட்டினோம். யாரும் காந்தம் வைத்திருக்கவில்லை. ஆனால் வைக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பது, வைக்க மாட்டார்கள் என்று நம்புவதைவிடப் பிள்ளைகளுக்கு நிம்மதி தந்தது. நம்பிக்கையைப் பாரமாக யார் தலையிலும் ஏற்றக் கூடாது, அதிலும் குழந்தைகள் தலையில்.

முடிவுக்கோட்டில் ஸ்லோ மோஷன் எடுக்கிற போன். நொடிக்கு 240 படம், அதாவது பிரேம். கோட்டைத் தாண்டும்போது கார் நொடிக்கு மூன்று மீட்டர் போகிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஒன்றேகால் சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அதற்குக் குறைந்த இடைவெளியைப் போன் பார்க்கவே இல்லை. பார்க்காததைத் தீர்ப்பாகச் சொல்லக் கூடாது. ஆகவே ஒரு பிரேமுக்குள் வந்தால் சமம், மறுபடி ஓட்டம். போனைப் பக்கவாட்டில் வைத்தால் பார்வை சாய்ந்து, கிட்ட இருக்கும் பாதைக் கார் முன்னால் தெரியும். கோட்டுக்கு நேர் மேலே, துணி காயப்போடும் ஸ்டாண்டில் கட்டித் தொங்கவிட்டோம். கேட் விழும் அதே நொடியில் கோட்டருகே ஒரு எல்.இ.டி. எரியும்படி ஒயர் இழுத்துக் கொடுத்தார் மூன்றாம் வீட்டு எலெக்ட்ரீஷியன் அண்ணன். விளக்கு எரிந்த படத்திலிருந்து எண்ணினால் ஒவ்வொரு காரின் முழு நேரமும் கிடைத்துவிடும். எண்ணும் வேலை தோற்றவருடையது. இது எங்கள் லீக்கின் சட்டம். ஜெயித்தவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். போனைத் தொடக் கூடாது.

இவ்வளவு செய்தும் மே மாதத்தில் எல்லாம் குழம்பியது. நாலு மணிக்கு ஓடிய கார்களின் நேரமும் ஏழு மணிக்கு ஓடியவற்றின் நேரமும் ஒத்துப்போகவில்லை. வெயிலில் பிளாஸ்டிக் இளகித் தாங்கிகளுக்கு நடுவே தொய்கிறது. பொழுது சாய்ந்ததும் இறுகுகிறது. மாலையில் கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று மாடியைத் தொடுகிறது. தூசி வேறு. நேருக்கு நேர் ஓடும் ஜோடிக்கு இதனால் பாதகமில்லை, இரண்டும் ஒரே வெயிலில்தான் ஓடுகின்றன. ஆனால் நேரத்தை வைத்துத் தகுதிச் சுற்றுப் பட்டியல் போடும்போது நாலு மணிக் குழந்தையும் ஏழு மணிக் குழந்தையும் ஒரே பாதையில் ஓடியதாகச் சொல்ல முடியாது.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஷிப்டு தொடக்கத்திலும் மாஸ்டர் பீஸ் ஒன்றை எடுத்துக் கருவியில் வைத்துப் பார்ப்போம். அதன் அளவு எங்களுக்கு முன்பே தெரியும். கருவி அந்த அளவைக் காட்டினால்தான் அன்றைய வேலை தொடங்கும். காட்டாவிட்டால், அதற்கு முந்தைய சோதனையிலிருந்து அளந்த அத்தனையையும் மறுபடி அளக்க வேண்டும். லீக்குக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றேன். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு காரைப் பிள்ளைகளே பொதுக்காசில் வாங்கினார்கள். நீல நிறம், சாதாரணமான ஒரு மாடல். அதற்குச் சாட்சி வண்டி என்று பெயர் வைத்தவள் என் மகள். அது பந்தயத்தில் கலந்துகொள்ளாது, அதை யாரும் தேய்க்கவோ எண்ணெய் போடவோ கூடாது. தொடங்கும்போது இரண்டு பாதையிலும் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை ஓடும். நேரம் மூன்று பிரேமுக்கு மேல் நகர்ந்திருந்தால் அந்தப் பகுதி ஓட்டம் செல்லாது. மாடி வேண்டாம், கீழே கார் நிறுத்தும் இடத்து நிழலுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்ததும் சாட்சி வண்டி சொன்னதைக் கேட்டுத்தான். நிழலில் அதன் நேரம் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலிடத்தில் இருந்த பையனின் ஓட்டம் சாட்சி வண்டியால் செல்லாமல் போனது. அவன் முகம் சுருங்கியது, ஆனால் வாதாடவில்லை. போன் படத்தைத் தானே இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, “சாட்சி ஸ்லோவா வந்திருக்கு” என்று மட்டும் சொன்னான். நான் சொல்லியிருந்தால் அவன் அப்பாவைக் கூட்டிவந்திருப்பான். தீர்ப்பு ஒரு நீலக் காரிடமிருந்து வந்தபோது அதில் விருப்பு வெறுப்பு இருக்க வாய்ப்பில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

எடை பற்றிய சண்டை நெடுநாள் ஓடியது. பள்ளியில் கலிலியோவைப் படித்த பிள்ளைகள், கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில்தான் விழும், எடைக்கு எதற்கு வரம்பு என்றார்கள். நல்ல கேள்வி. கீழே விழும் கல்லுக்கும் உருளும் காருக்கும் வித்தியாசம் சக்கரத்தில் இருக்கிறது. இறக்கம் தருகிற ஆற்றலில் ஒரு பங்கைச் சக்கரங்கள் சுழல்வதற்கே எடுத்துக்கொள்கின்றன. உடல் கனமாக இருந்தால் அந்தப் பங்கு சிறிதாகிவிடும். காற்றின் தடையும் அப்படியே, கனத்தவனை அது குறைவாகவே தடுக்கிறது. கொள்கையளவில் சொன்னது போதாது என்று ஒரே மாடல் கார் இரண்டில் ஒன்றின் அடியில் எம்-சீலில் நட்டு ஒட்டி ஓட்டிக் காட்டினோம். அதற்கப்புறம் யாரும் கலிலியோவை இழுக்கவில்லை.

சரி, வரம்பு வைத்தாயிற்று, எதில் நிறுப்பது? மளிகைக் கடைத் தராசில் முத்திரை ஆய்வாளரின் முத்திரை இருக்கிறது, ஆனால் கிராமுக்குக் கீழே அது பேசாது. அடகுக் கடைத் தராசு மில்லிகிராமில் பேசும். கடைக்காரர் பிள்ளைகளுக்காக ஒருநாள் சம்மதித்தார், ஒவ்வொரு வாரமும் அவரைத் தொந்தரவு செய்ய முடியுமா? ஒரு பாக்கெட் தராசு வாங்கினோம். நிறுக்கும்போது ஃபேனை அணைக்க வேண்டும், தராசைச் சமதளத்தில் வைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் முதலில் தேயாத ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். 2011-ல் வந்த வரிசையில் ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை 6 கிராம். அரசாங்கமே அடித்துக் கொடுத்த எடைக்கல் எல்லார் வீட்டு உண்டியலிலும் இருக்கிறது! எடை கூட்டத் தூண்டில் ஈயக்குண்டு கொண்டுவந்த பையனை மட்டும் நான் கண்டிப்போடு தடுத்தேன். ஈயம் குழந்தைகள் கைபடக் கூடாத பொருள். சைக்கிள் கடையில் கிடைக்கும் ஸ்டீல் பால்ஸ் போதும்.

“எல்லாருக்கும் ஒரே காரைக் குடுத்துடுங்க சார், பிரச்சினையே இல்ல” என்றார் ஒரு அப்பா. இந்த யோசனை நம் பந்தய வரலாற்றிலேயே உண்டு. கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற கார்களைக் கட்டினார். பணக்காரர் இறக்குமதிக் காரில் வந்து ஜெயித்துப் போகிற காலத்தில், எல்லோரும் ஒரே எஞ்சினில் ஓடட்டும் என்ற எண்ணம் எவ்வளவு பெரிய கதவைத் திறந்தது! பிறகு 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்தக் காரைத்தான். சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்கள் 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறின. அப்ரண்டிஸாக இருந்த காலத்தில் நண்பர்களோடு அங்கே போய் வேலிக் கம்பியைப் பிடித்தபடி ஃபார்முலா மாருதி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

கூடுவாஞ்சேரிக் கடை ஒன்றில் ஒரே மாடலில் ஆளுக்கொரு கார் வாங்கி ஒரு சீசன் நடத்திப் பார்த்தோம். பெட்டியிலிருந்து எடுத்த கார்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றின் அச்சுக்கம்பி மயிரிழை வளைந்திருக்கும், இன்னொன்றின் சக்கரம் பாடியில் உரசும். இருங்காட்டுக்கோட்டையில் காரை ஓட்ட ஒரு மனிதன் இருந்தான். எங்கள் பாதையில் கார் மட்டும்தான். எனவே சீட்டுக் குலுக்கிக் கார்களை வாராவாரம் கை மாற்றினோம். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு காரையும் ஓட்டியது. கணக்கில் அப்பழுக்கில்லை. ஆனால் பிள்ளைகள் முகத்தில் ஆர்வம் வடிந்துகொண்டே வந்தது. யாரும் காரைத் துடைக்கவில்லை, பெயர் வைக்கவில்லை, தோற்றபோது வருந்தவுமில்லை. என்னுடையது என்று சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் நியாயம் இருந்து என்ன பயன்? பிள்ளையின் உழைப்புக்கு இடம் வைக்காத விதி எவ்வளவு சமமானதாக இருந்தாலும் அது விளையாட்டுக்கான விதியல்ல. இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

வழி என் சொந்த ஊர்ப்பக்கம் இருந்தது. சிவகங்கைச் சீமையில் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் ஓட்டுவார்கள். கன்றுப் பருவம் தாண்டாத பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு யாரும் பூட்டிவிட மாட்டார்கள். அதே சமயம் எல்லா மாட்டையும் ஒரே மாடாக ஆக்கவும் எவரும் நினைப்பதில்லை. வளர்த்தவன் கைப்பக்குவமும் சாரதியின் திறமையும் அந்தந்தப் பிரிவுக்குள் மோதிக்கொள்ளட்டும் என்பதுதான் ஏற்பாடு. என் அப்பா வாய்க்கு வாய் பூஞ்சிட்டு ஓட்டத்தைப் பற்றித்தான் பேசுவார். பெரிய மாட்டுப் பரிசுத் தொகையைப் பற்றிப் பேச மாட்டார்.

அப்படியே இரண்டாகப் பிரித்தோம். ஒன்று கடைக்கார்: பெட்டியில் வந்தது வந்தபடி, துடைக்கலாம், பென்சில் தூள் போடலாம், வேறொன்றும் கூடாது. மற்றது கைவேலை: எடை 45 கிராமுக்கு மிகாமல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், ஆனால் சக்கரமும் அச்சும் கடையில் வந்தவையாக இருக்க வேண்டும். பென்சில் தூளுக்கும் ஒரு கதை உண்டு. தேங்காயெண்ணெய் போட்ட கார் முதல் நாள் பறக்கும், இரண்டாம் நாள் தூசியைச் சேர்த்துக்கொண்டு முனகும். பென்சில் கரி உலர்ந்தது, ஒட்டாது. ஆனால் பென்சில் முனையில் களிமண்ணும் கலந்திருக்கிறது. பி வரிசையில் எண் கூடக் கூட கரி அதிகம், களிமண் குறைவு. இதைக் கண்டுபிடித்த பையன் ஓவியப் பென்சில் வாங்கிவந்து ரகசியமாக வைத்திருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், தேடிப் படித்தவன் அவன். அடுத்த சீசனில் எல்லாருக்கும் ஒரே பென்சில், லீக் பெட்டியிலிருந்து.

சக்கரத்தையும் அச்சையும் தொடக் கூடாது என்று வைத்ததற்குக் காரணம் அப்பாக்கள். எங்கள் தெருவில் டர்னர் உண்டு, டூல் ரூம் ஆள் உண்டு. லேத்தில் ஏற்றி அச்சைக் கடைந்து பாலிஷ் போட்டுத் தந்தால் செக்யூரிட்டி வேலை பார்ப்பவரின் மகள் எங்கே போவாள்? அந்த டர்னர் நல்ல மனிதர். விதியைச் சொன்னதும் தன் கையால் இரண்டு வளையத் தகடுகளைக் கடைந்து கொடுத்தார். கடையில் வந்த சக்கரம் பெரிய வளையத்தில் நுழைய வேண்டும், சிறியதில் நுழையக் கூடாது; இல்லையென்றால் ஏதோ மாற்றியிருக்கிறது. கம்பெனியில் கோ-நோகோ கேஜ் என்போமே, அதே. சனிக்கிழமை மாலை எல்லாக் கார்களையும் நிறுத்து, கேஜில் பார்த்து, பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியில் தாள் ஒட்டி, குறுக்கே மூன்று பிள்ளைகள் கையெழுத்துப் போடுவார்கள். ஞாயிறு காலை எல்லார் முன்னாலும்தான் பிரிப்பு.

ஒரு ஞாயிறு, முன்பு ஸ்கேலைப் பார்த்துக் கேள்வி கேட்ட அதே பெண் தன் காரைக் கேட்டில் பின்பக்கம் முன்னாக வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஜெயித்தாள். மறுபடியும் ஜெயித்தாள். அவள் காரில் எஞ்சின் பக்கம்தான் உலோகம் அதிகம். திருப்பி வைத்தால் அந்தக் கனம் சரிவில் மேலே போய்விடுகிறது. இறங்கும்போது சற்று அதிக உயரத்திலிருந்து இறங்கியதாகிறது. கிடைப்பது இரண்டொரு பிரேம்தான், ஆனால் எங்கள் லீக்கில் அது பெரிய சொத்து. “காரு முன்னாடிதான் போகணும், இது சீட்டிங்” என்று ஒரே கூச்சல். விதி நோட்டை எடுத்து வரி வரியாகப் படித்தோம். கார் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதாததைச் செய்தவளைத் தண்டிக்க முடியாது. சீசன் நடுவில் எழுதவும் முடியாது. அடுத்த வாரம் பாதிக் கார்கள் திரும்பி நின்றன. சீசன் முடிந்து கூடிப் பேசியபோது அதைத் தடை செய்ய ஒரு கை கூட உயரவில்லை.

2022 எங்கள் ஊருக்குக் கனமான ஆண்டு. ஜூலையில் ஃபோர்டு ஆலையின் கடைசிக் கார், ஒரு எக்கோஸ்போர்ட், வரிசையை விட்டு இறங்கியது. அந்த வருஷம் வேலை மாறி, ஊர் மாறிப் போன குடும்பங்கள் பல. லீக்கில் மூன்று பிள்ளைகள் சீசன் நடுவில் போய்விட்டார்கள். அவர்களோடு ஓடி ஜெயித்தவர்கள் புள்ளி வைத்திருந்தார்கள். இனி ஓட வேண்டியவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. இதற்கு நோட்டில் விதி கிடையாது. நாங்களாக ஒன்றை எழுதினால் அது யாருக்கு லாபம் என்று அட்டவணையே காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த நாட்களில்தான் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை. மகளைக் கூட்டிப் போயிருந்தபோது ஒரு நடுவரிடம் எங்கள் சிக்கலைச் சொன்னேன். பொம்மைக் கார் என்று அவர் சிரிக்கவில்லை. “பாதி ஆட்டம் முடிச்சுட்டாங்களா சார்?” என்றுதான் முதலில் கேட்டார். எல்லோரும் எல்லோரோடும் ஆடும் போட்டியில் ஒருவர் பாதிகூட ஆடாமல் விலகினால் அவருடைய ஆட்டங்கள் பட்டியல் கணக்கில் சேராது. பாதியோ அதற்கு மேலோ ஆடியிருந்தால் அவை நிற்கும். மீதி ஆட்டங்களில் எதிராளிக்குப் புள்ளி. எங்கள் தெருவில் யார் முகத்தையும் பார்க்காமல், எங்கோ யாரோ எழுதிய விதி. அதை அப்படியே எடுத்துக்கொள்வதில் பிள்ளைகளுக்கு மறுப்பிருக்கவில்லை.

ஒருவன் பாதிக்கு மேல் ஓடியிருந்தான். ஓசூருக்குப் போன பிறகும் மூன்றாம் இடம் அவனுக்கே. மெடலைக் கூரியரில் அனுப்பினோம். மற்ற இருவரின் ஓட்டங்கள் அழிந்தன. அதில் ஒரு சின்னப் பையனின் அந்த சீசனின் ஒரே வெற்றியும் போயிற்று. என்னருகே வந்து, “ஜெயிச்சது ஜெயிச்சதுதானே அங்கிள்?” என்று கேட்டான். ஓட்டக் குறிப்பேட்டைத் திறந்து அவன் வெற்றி எழுதியிருக்கும் பக்கத்தைக் காட்டினேன். நேரம், பாதை, எண்ணியவர் கையெழுத்து எல்லாம் இருந்தன. புள்ளி மட்டும் இல்லை. அந்த வரியை மறுபடி மறுபடி படித்துவிட்டுப் போனான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. விதி சரியானதே, அவன் வலியும் உண்மையானதே.

இப்போது லீக்கை நடத்துவது நானில்லை. தொடங்கிய பிள்ளைகளில் மூத்தவன் பொத்தேரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். அவனும் என் மகளும் பொறுப்பாளர்கள். அவன் அகச்சிவப்பு சென்சாரும் ஆர்டுயினோ போர்டும் வைத்து நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் கருவி செய்து கொண்டுவந்தான். சிறு பிள்ளைகள் அந்தச் சிவப்பு எண்களைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். இனிமேல் சமம் என்பதே வராது, ஆயிரத்தில் ஒன்று முந்தினாலும் வெற்றி என்றான். மகள் சாட்சி வண்டியை எடுத்துக் கொடுத்தாள். ஒரே பாதையில், ஒரே நிழலில், அடுத்தடுத்து விட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு முன்பின்னாகவே வந்தது. கருவியில் கோளாறில்லை. கார் அப்படித்தான் ஓடுகிறது. ஒரே காரே தன்னோடு ஒத்துப்போகாத அளவுக்குள் இரண்டு கார்களைப் பிரித்து ஒன்றுக்கு வெற்றி சொன்னால், அது அளவில்லை, குலுக்கல். கூட்டிக் கழித்துப் பார்த்தால் போன் காலத்தில் ஒரு பிரேம் என்று வைத்திருந்த வரம்பும் கிட்டத்தட்ட அதே நான்கு பங்குதான்.

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் லேப்டாப்பில் ஒரு வரியை மாற்றினான். ஆயிரத்தில் ஐந்துக்குள் வந்தால் திரையில் இரண்டு பெயரும் சேர்ந்து எரியும், மறுபடி ஓட வேண்டும். போனில் எண்ணிய பழைய நேரங்களையும் சென்சார் நேரங்களையும் ஒரே சாதனைப் பட்டியலில் கலக்கக் கூடாது என்று மகள் சொன்னாள். பழைய பட்டியலின் முதல் பெயர் அவனுடையதாக இருந்தும் அவன் ஒத்துக்கொண்டான். இரண்டு பட்டியல், இரண்டு நோட்டு. புது நோட்டின் முதல் பக்கத்தில் அன்றைய சாட்சி வண்டியின் நேரங்களை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.